ஒரே பெயரில் இரண்டு வரிகள்

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற கோடு போட்ட நோட்டுதான். பக்கத்துக்கு ஒரு கட்டளை, அதற்குக் கீழே இரண்டு வரி விளக்கம். எந்தக் கட்டளை எதைச் செய்யும், எதைச் செய்தால் கை சுடும் என்று எழுதி வைத்திருப்பேன். இணையம் எல்லாம் அப்போது எங்களை எட்டிப் பார்க்கவில்லை. யூனிக்ஸ் இயந்திரத்தோடு வந்த தடித்த புத்தகங்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சாவி நிர்வாக அலுவலரிடம். அவர் எப்போது சீட்டில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் கண்டுபிடித்ததை அன்றே எழுதிவிட வேண்டும்.

அந்த நோட்டின் மேல் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. அரை நாள் வேலையை ஒரு வரியில் முடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் வியக்காவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ஒரு இயந்திரம், அதிலிருந்து ஒயர் இழுத்து மூன்று இடங்களில் திரைகள். அதில் ஒன்று ரத்த வங்கியில் இருந்தது. அங்கே டெக்னீஷியனாக இருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கோட்டைமேட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் விவரத்தை அட்டையில் எழுதி, மூன்று தகரப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். யாருக்காவது அவசரம் என்றால் பெட்டியைத் திறந்து, விரலால் அட்டைகளைத் தள்ளித் தள்ளி எடுப்பார். அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது.

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திப்போட்டா ஒரு வரியில எடுத்துடலாம் பாய்" என்று நான்தான் போய்ச் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று பின்னால் அவர் கேலி செய்வதுண்டு. அது அந்த வருடத்தின் முதல் பாதியில். அதற்கப்புறம் அவர் அந்தக் கேலியைச் செய்யவில்லை.

அட்டைகளை நானும் வரவேற்பறையில் இருந்த ஒரு பெண்ணுமாகப் பகுதி பகுதியாகத் தட்டச்சு செய்தோம். பெயர், இனிஷியல், ஊர், போன், ரத்த குரூப். ஒரு ஆளுக்கு ஒரு வரி. அந்தக் காலத்தில் பாதிப் பேருக்குச் சொந்த போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பரையோ, ஊர் அரிசி மில் நம்பரையோ கொடுத்து, பிபி நம்பர் என்று எழுதுவார்கள். கூப்பிட்டால் மில்காரர் ஆள் அனுப்பிச் சொல்வார். ஒரே நம்பர் நாலைந்து பேருக்கு இருக்கும். அட்டையில் அப்பா பெயருக்கும் ஒரு கட்டம் இருந்தது. இனிஷியல்தான் இருக்கிறதே, அதை எதற்கு முழுதாக அடிக்க வேண்டும் என்று அந்தக் கட்டத்தை நான் விட்டுவிட்டேன். தட்டச்சு முடிந்ததும், மேசையில் திரை வைக்க இடம் வேண்டும் என்று தகரப் பெட்டிகளை மாடி ஸ்டோருக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான்.

பட்டியலில் ஒரு தொல்லை இருந்தது. ஒரே ஆள் இரண்டு முறை, மூன்று முறை வந்தார். மில்லில் நடந்த முகாமில் ஒரு தடவை பெயர் கொடுத்திருப்பார், நேரில் வந்து இன்னொரு தடவை. வருடத்துக்கு ஒரு முறை அனுப்புகிற நன்றிக் கடிதம் ஒரே வீட்டுக்கு இரண்டாகப் போனது. மதுக்கரை சிமெண்ட் தொழிலாளி ஒருவர் இரண்டு கடிதத்தையும் எடுத்துவந்து, "ஏனுங்க, என்னை ரெண்டு ஆளாக்கிப்போட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பட்டியலில் குப்பை இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

நோட்டைப் பிரித்தேன். அதில் sort என்ற கட்டளைக்கு ஒரு பக்கம் இருந்தது. வரிகளை அகரவரிசையில் அடுக்குவது அது. கூடவே -u என்று சேர்த்துவிட்டால், ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். எந்தெந்தக் கட்டங்களை ஒப்பிட வேண்டும் என்றும் சொல்லலாம். பெயரும் இனிஷியலும், ஊர், போன் என்று சொன்னேன். இவை அத்தனையும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தானே. குரூப்பை ஏன் ஒப்பிடவில்லை என்று பிறகு கேட்டார்கள். ஒரே ஆளுக்கு ஒரே குரூப்தான் இருக்கும், அதைப் போய் எதற்கு ஒப்பிட வேண்டும் என்பது அப்போது எனக்கு இருந்த புத்தி.

"எது போகுதுன்னு ஒருக்காப் பாத்துக்கலாங்களா?" என்றார் பாய்.

"அத்தனையும் பாத்துட்டு இருந்தா அப்பறம் கம்ப்யூட்டர் எதுக்குங்க?" என்றேன்.

எண்டர் தட்டினேன். ஒரு விநாடி. பட்டியல் இளைத்து, சுத்தமாக வந்தது. தட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்தேன். 'எதையும் தொடுமுன் நகல் எடு' என்பது என் நோட்டின் முதல் பக்கம். ஆனால் அடுத்த மாதம் புதிய பெயர்கள் சேர்ந்ததும் அதே வேலையை மறுபடி செய்தேன், நகலையும் அதே பெயரில் எடுத்தேன். பழைய நகலின் மேலேயே புதியது ஏறி உட்கார்ந்துகொண்டது. நகலுக்குத் தேதி போட்டுப் பெயர் வைக்க வேண்டும் என்ற வரி அப்போது நோட்டில் இல்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பிரசவம். குழந்தை அங்கேயே பிறந்துவிட்டது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. குரூப் ஓ நெகட்டிவ். அவளுடைய கணவர் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரத்த வங்கி வாசலில் நின்றார். சட்டை நனைந்திருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

கையிருப்பில் ஒரு பாட்டில் இருந்தது. அதைக் கொடுத்தோம். இன்னும் இரண்டு பாட்டிலாவது வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் திரையில் தேடினேன். நான்கு பெயர் வந்தன. ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். ஒருவர் வெளியூர் போயிருந்தார். ஒருவருடைய நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்காமவர் பீளமேட்டுக்காரர், ஸ்கூட்டரில் உடனே வந்து படுத்துவிட்டார். இன்னும் ஒரு ஆள் வேண்டும்.

"மேடம், கிணத்துக்கடவுல ஒருத்தரு இருந்தாருங்களே. ஓ நெகட்டிவ். வர்றப்பவெல்லாம் பையில நாலு தேங்காய் கொண்டாருவாரு" என்று பாய் பெயரைச் சொன்னார்.

தேடினேன். பெயர் வந்தது. "ஓ பாசிட்டிவ்னு இருக்குதுங்க" என்றேன்.

"இல்லீங்களே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"இத்தனை பேருல ஒருத்தரோட குரூப் உங்களுக்கு ஞாபகம் இருக்குதாக்கும்? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க பாய்."

"ஒருக்கா போன் போட்டுப் பாத்துடட்டுங்களா?"

"லைன் ஒண்ணுதானுங்க இருக்குது. பாசிட்டிவ்காரருக்குப் போட்டு எதுக்கு நேரத்தைப் போக்கோணும்? மத்த ஆஸ்பத்திரியெல்லாம் இன்னும் கேக்கல."

அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார். அதில் பச்சை எழுத்தில் தெளிவாக இருந்தது. "அப்ப நான்தான் மாத்தி நெனச்சுட்டனாட்ட இருக்குது" என்றார். ரிசீவரை எடுத்து வேறு நம்பர்களைச் சுற்ற ஆரம்பித்தார். வாசலில் நின்றவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த ரத்த வங்கியிலும் கிடைக்கவில்லை. மதியத்துக்கு மேல் டாக்டர் வேறு வழியில்லாமல் பாசிட்டிவ் ரத்தத்தையே ஏற்றச் சொன்னார். காலம் கடந்திருந்தது. பொழுது சாய்வதற்கு முன் அந்தப் பெண் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. நான் கேன்டீனில் போய் டீ குடித்துவிட்டு வந்து, மருந்தகத்துப் பட்டியலைத் திருத்தினேன். அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது மற்றவர்கள் படுகிற வருத்தம்தான், எனக்கென்று தனியாக எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து கிணத்துக்கடவுக்காரர் தானாகவே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. பையை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, என்னையும் பாயையும் பார்த்து, வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?" என்றார். "என்ற ரத்தத்துல ஏதாச்சும் கொறை கண்டு புடிச்சீங்களா?"

பாய் எழுந்துவிட்டார். "எதுக்குங்க அப்படிக் கேக்கறீங்க?"

"நாலு மாசத்துக்கு ஒருக்காக் கூப்புடுவீங்க. இப்ப ரெண்டு தடவையாக் கூப்புடலீங்க. எங்க சித்தப்பா பையனுக்கு மட்டும் அவன் குரூப்பைப் போட்டு லெட்டர் வந்துச்சு. எனக்கு வரல. ரத்தத்துல அந்த நோவு கீது இருந்து, சொல்லறக்குச் சங்கடப்பட்டுட்டு உட்டுட்டீங்களோன்னு... ஊட்ல யாருகிட்டயும் சொல்லலீங்க. பொண்டாட்டி புள்ளைகளை நெனச்சா நெம்பப் பயமா இருந்துச்சு. கேக்கறக்கும் வாய் வரல. அதான் இத்தனை நாள் வரலீங்க."

எய்ட்ஸ் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம். நாங்கள் சங்கடப்படுவோமே என்று அவர் கேட்காமல் இருந்திருக்கிறார். அவர் சங்கடப்படுவாரே என்று நாங்கள் சொல்லாமல் இருக்கிறோம் என்று அவராகவே நினைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ஊர் மரியாதை இப்படியும் ஆளைக் கொல்லும்.

"சித்தப்பா பையன் பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"என்ற பேருதானுங்க. எங்க அப்பாரய்யன் பேரை ரெண்டு பேருக்குமே வெச்சுட்டாங்க. எங்க ஐயன் பேருக்கும் சித்தப்பன் பேருக்கும் மொத எழுத்து ஒண்ணு, அதனால இனிஷியலும் ஒண்ணாப் போச்சு. ஊருக்குள்ள என்னைப் பெரியூட்டுக்காரன்னும் அவனைச் சின்னூட்டுக்காரன்னும் கூப்புடுவாங்க. போனு ரெண்டு பேருக்கும் அரிசி மில்லு நம்பருதானுங்க."

தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணனும் தம்பியும் பிரிந்து இரண்டு வீடானாலும் இரண்டு வீட்டிலும் அதே பெயர் நடக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கூடப் பிறந்தவனுக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே பெயர். பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு தலையும் நிமிரும். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அசலூர்க்காரி யாராவது இதைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நான் எந்த ஊர்க்காரி என்பதே எனக்கு மறந்துவிட்டது.

பாய் மாடிக்குப் போனார். ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரலால் தள்ளித் தள்ளி இரண்டு அட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே ஊர், ஒரே நம்பர். அப்பா பெயர் வேறு. ஒன்றில் ஓ பாசிட்டிவ், இன்னொன்றில் ஓ நெகட்டிவ்.

நான்தான் அவரிடம் சொன்னேன். நோய் ஒன்றும் இல்லை, என் தப்பினால் பெயர் விட்டுப்போனது என்றேன். அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவருக்கு அது சந்தோஷம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாய் என்னைப் பார்த்தார். அதனால் மேட்டுப்பாளையத்துப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

"என்னைக்குங்க?" என்றார்.

"மூணு வாரத்துக்கு முந்தின செவ்வாக்கிழமைங்க."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அன்னைக்குத் தேங்காய் போட ஆளு வரலீங்க. மழை. சும்மா ஊட்லதான் உக்காந்திருந்தேன்."

பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்தார். பாய் ஊசி ஏற்றினார். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன்.

மருத்துவமனையின் பெரிய டாக்டரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். இன்னொரு பாட்டில் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாதே என்றேன். இதை வெளியே பேச வேண்டாம் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வாரம் நானும் பாயும் உட்கார்ந்து அட்டைகளைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரே பெயரில் இருந்த வேறு வேறு ஆட்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் காணாமல் போயிருந்தார்கள். அவர்களைத் திரும்பச் சேர்த்து, எல்லோருக்கும் அப்பா பெயரை முழுதாக அடித்தேன். sort எழுதியிருந்த பக்கத்தின் அடியில் uniq -d என்று எழுதினேன். அடுக்கி வைத்த பட்டியலில் திரும்ப வருகிற வரிகளை அது எடுத்துக் காட்டும், அவ்வளவுதான், எதையும் அழிக்காது. 'முதலில் காட்டச் சொல். பார். கேள். அழிப்பது உன் கையால் இருக்கட்டும்' என்று பக்கத்தில் எழுதினேன். என் நோட்டில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான்.

பாய் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மட்டும் அட்டையைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க மேடம். அப்பறம் எதுக்கு நான் உட்டேன்னுதான் தெரியல." எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் அவரை விடவைத்தேன்.

கார்த்திகை மாதக் கடைசியில் மேட்டுப்பாளையத்து மேஸ்திரி வந்தார். கூட மண்டியில் மூட்டை இறக்குகிற ஆறு பேர். எங்களிடம் ரத்தம் வாங்கியவர்கள் பிறகு ஆள் கூட்டிவந்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளி இறந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டோம், யாரும் வரவும் மாட்டார்கள்.

"வாங்குனதைக் குடுத்துப்போடோணுமுங்க" என்றார் அவர். "அந்தப் புள்ளை இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருக்கும்."

ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, நான் அடித்தேன். அப்பா பெயரையும் கேட்டு அடித்தேன். கடைசியில் மேஸ்திரியின் முறை வந்தது. பெயரைச் சொன்னார். அடிக்காமல் கையை எடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே அவருக்குப் பரிமாற எனக்கு மனசு வரவில்லை. மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்ததை, ஒருவரை நான் அழித்ததை, அழித்தது தெரியாமல் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று சொன்னதை.

அவர் திரும்பி, அன்று தான் நின்ற வாசலைப் பார்த்தார்.

"அந்தப் பாய் போன் போடறேன்னு சொன்னாருங்களே" என்றார். "நான் கேட்டுட்டுத்தானே நின்னுட்டு இருந்தேன்."

"ஆமாங்க."

"கெணத்துக்கடவுக்காரருக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க."

"அவரு மனசுல எதையும் வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவரு என்ன பண்ணுவாரு, பாவம்." என்னைப் பார்த்தார். "உங்களை என்னன்னு சொல்லறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. அவர் சொல்லவில்லை. எழுந்து போய்ப் படுத்து ரத்தம் கொடுத்தார். பாய் கொடுத்த காபியைக் குடித்தார். போகும்போது ஊசி குத்திய இடத்தைப் பஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"எம்பட பேரை எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேனுங்க."

"ஒருக்காப் படிங்க."

திரையைப் பார்த்துப் படித்தேன். அவர் பெயர், இனிஷியல், அப்பா பெயர், மேட்டுப்பாளையம், மண்டி போன் நம்பர், ரத்த குரூப். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாப் படிங்க" என்றார்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். கடைசி எழுத்து வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.